சுங்கை சிப்புட் ஏன் அங்கே இருக்கிறது? தோட்டத்து மண்ணில் வைத்துப் பார்க்கும் புவியியல் சொற்கள்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் புவியியல் மலாய்மொழிப் பாடமாக வந்து சேருகிறது. வானிலை, காலநிலை, அரிப்பு, படிவு, வடிநிலம், குடிப்பெயர்வு, நகரமயமாதல் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளை மனப்பாடம் செய்கிறது, தேர்வு எழுதுகிறது, மறந்துவிடுகிறது. அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் தன் வீட்டு வாசலிலும் தாத்தா பாட்டி வாழ்க்கையிலும் நடந்தவை என்று எடுத்துக்காட்ட ஆள் இருப்பதில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மலை, மழை, ஆறு, மண் ஆகியவற்றை ஆராய்வது இயற்கைப் புவியியல். மனிதர் எங்கே குடியிருக்கிறார்கள், எப்படி வந்தார்கள், நிலத்தை என்ன செய்கிறார்கள் என்று ஆராய்வது மானிடப் புவியியல். பாடநூலில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். தோட்டத்து ஊரில் இரண்டையும் பிரித்துவைக்கவே முடியாது. ஆனால் எது நிலத்தின் வேலை, எது மனிதர் எடுத்த முடிவு என்று அடையாளம் காண முடியும், காணவும் வேண்டும். நம்மவர் வாழ்க்கையில் யாரோ எடுத்த முடிவுகள் பல, இயற்கையாக அமைந்தவை போலவே நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன.

முதலில் இடம். ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 5 பாகை அட்சரேகை, கிழக்கே 101 பாகை தீர்க்கரேகை என்றால் அது தனி அமைவிடம். ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், கோலாகங்சார் போகும் வழியில் என்றால் அது சார்பு அமைவிடம். முதல் பதில் ஒருபோதும் மாறாது. இரண்டாவது, சாலையும் ரயிலும் மாற மாற மாறிக்கொண்டே இருக்கும். பழைய நெடுஞ்சாலை மட்டும் இருந்த காலத்தில் வடக்கே போகும் ஒவ்வொரு பஸ்ஸும் லாரியும் ஊருக்குள் நுழைந்துதான் போனது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகு வாகனங்கள் ஊரைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. அதன் சூழமைவு நகர்ந்துவிட்டது. ஊர் உட்கார்ந்திருக்கும் நிலத்தின் தன்மை ‘தலம்’. சுற்றியுள்ள சாலை, தோட்டம், சந்தை, மற்ற ஊர்கள் ஆகியவற்றோடு அதற்குள்ள உறவு ‘சூழமைவு’. ஆற்றோரச் சமநிலம் என்ற தலம் பேராக்கில் எத்தனையோ இடங்களில் உண்டு. அவற்றுள் சிலவே பட்டணமாக வளர்ந்ததற்குக் காரணம் சூழமைவு.

வானம்

வானிலையும் காலநிலையும் ஒன்றல்ல. இன்று மாலை இடி இடித்தது வானிலை. ஓர் இடத்தின் வானிலையைக் குறைந்தது 30 ஆண்டுகள் பதிவுசெய்து எடுத்த சராசரிப் போக்கு காலநிலை. ‘இந்த வருஷம் மழையே இல்லை, காலநிலை மாறிவிட்டது’ என்று ஒரே ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகளின் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மேற்கு மலேசியாவின் தாழ்நிலம் முழுவதும் நிலநடுக்கோட்டுக் காலநிலை. விளாதிமிர் கோப்பன் வகுத்த பிரிவின்படி இதற்கு இரண்டு அடையாளங்கள்: மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பம் 18 பாகை செல்சியஸுக்குக் குறையாது, மிக வறண்ட மாதத்திலும் 60 மில்லிமீட்டர் மழையாவது பெய்யும். மாதத்துக்கு மாதம் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடுதான் பெரிது. ஆடி, மார்கழி என்று நாம் பெயர் சொல்லிக்கொள்கிறோமே தவிர, தமிழ்நாட்டில் அந்த மாதங்கள் சுமந்துவரும் பருவம் இங்கே இல்லை. இங்கே பருவத்தைக் காட்டுவது காற்றின் திசை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே ஏப்ரலிலும் அக்டோபரை ஒட்டியும் காற்று தளர்ந்து, பிற்பகலில் இடியோடு கொட்டும். மேற்குக் கரையில் மழை உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இந்த இடைக்காலங்களில்தான்.

பிற்பகல் மழைக்குப் பெயர் வெப்பச்சலன மழை. காலை முழுவதும் வெயில் தரையைச் சுடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று சூடாகி மேலே எழுகிறது. உயரத்தில் குளிர்ந்து முகிலாகிறது. மதியம் தாண்டியதும் கொட்டித் தீர்க்கிறது. இரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலின் நேரமே இந்தக் கடிகாரத்தை ஒட்டித்தான் அமைந்தது. விடியற்காலை இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசையான நிரைக்குள் இறங்குகிறவர், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கப் பார்ப்பார். இலைகள் வழியாக நீர் ஆவியாவது இரவில் குறைந்திருப்பதால் பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் விடியலில் உச்சத்தில் இருக்கும். அப்போது உளியைச் சரிவாக இழுத்துப் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தால் பால் வேகமாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தாலோ, வெட்டிய பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். பால் சேரும் கிண்ணமான மங்கில் விழுந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். பிற்பகல் மழை பால்வெட்டைத் தொடாது. விடியல் மழை வேலையையே நிறுத்திவிடும்.

விடியல் மழைக்கும் ஒரு பெயர் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் மலாக்கா நீரிணையின் மேல் இரவில் திரண்டு, விடிவதற்குள் மேற்குக் கரையைத் தாக்கும் புயல்மழைக்குச் ‘சுமத்ரா’ என்பார்கள். மழை நாளில் வேலை இல்லாவிட்டால் கூலி என்ன ஆவது என்பது தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சில் பல பத்தாண்டுகள் ஓடிய கேள்வி. மழை பெய்வது வானத்தின் வேலை. மழை நாளின் நட்டத்தை நிர்வாகம் ஏற்பதா, வெட்டுகிறவர் ஏற்பதா என்பது ஒப்பந்தத்தின் வேலை.

மலைத்தடை மழையைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே பேராக் ஆற்றைத் தாண்டினால் பிந்தாங் மலைத்தொடர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பிந்தாங் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, அதன் கடற்பக்க அடிவாரத்தில் உள்ள தைப்பிங்கில் கொட்டுகிறது. தீபகற்பத்திலேயே அதிகம் நனையும் பட்டணம் தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. அதே மலையின் மறுபக்கத்தில் இருக்கும் கோலாகங்சாரில் அந்த அளவு மழை இல்லை. காற்று மோதும் பக்கம் காற்றுமுகம், மறுபக்கம் மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவக்காற்றிலும் கதை இதுதான்: கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தத்தளிக்கும் டிசம்பரில், அந்த மழையின் பெரும்பகுதியைத் தித்திவங்சா தடுத்து நிறுத்திவிடுகிறது.

தரை

தித்திவங்சா கருங்கல் மலை. பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல இறுகிக் கருங்கல்லாகி, மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோன பிறகு வெளியே தெரிகிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கொர்பு மலை, 2,183 மீட்டர், நம் பக்கத்தில்தான் இருக்கிறது. தெற்கே ஈப்போ நோக்கிப் போனால், கிந்தா பள்ளத்தாக்கில் சாலையோரம் செங்குத்தாக நிற்பவை சுண்ணாம்புக்கல் குன்றுகள். மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு நீரைச் சற்றே அமிலமாக்குகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்று குகைகளைக் குடைகிறது. பேராக் தோங், சாம் போ தோங் குகைக் கோவில்கள் அப்படிக் குடைந்த குகைகளில் அமைந்தவை. இந்த நிலத்தோற்றத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர்.

கருங்கல் குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட இடங்களில் வெள்ளீயத் தாது பிறந்தது. மலை தேயத் தேய, எடை மிகுந்த அந்தத் தாதுவை ஆறுகள் உருட்டிவந்து பள்ளத்தாக்கில் படிய வைத்தன. ஈப்போ, கம்பார், கோப்பேங் ஆகிய ஊர்களை வளர்த்தது இந்தப் படிவு. பாறை அதே இடத்தில் உதிர்வது வானிலைச் சிதைவு. உதிர்ந்ததை நீரும் காற்றும் பெயர்த்துக்கொண்டு போவது அரிப்பு. சுமந்து செல்வது கடத்தல். வேகம் குறைந்த இடத்தில் இறக்கிவைப்பது படிதல். பாடநூலில் நான்கு சொற்களாக நிற்பவை உண்மையில் ஒரே பயணம், மலையில் தொடங்கிக் கடலில் முடிகிறது.

ஓயாத வெப்பத்திலும் மழையிலும் கருங்கல் ஆழமாகச் சிதைந்து சிவந்த மண்ணாகிறது. சுண்ணாம்பு, பொட்டாசியம் முதலிய சத்துகளை மழைநீர் கரைத்துக் கீழே இறக்கிவிட, இரும்புத் துரு மட்டும் மேலே தங்குகிறது. மண்ணுக்கு அந்தச் சிவப்பு அதனால்தான். இத்தனை அடர்ந்த காடு நிற்கும் மண் வளமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மழைக்காட்டின் சத்து பெரும்பாலும் மரங்களிலும் உதிர்ந்த இலைகளிலும் இருக்கிறது, மண்ணில் குறைவு. காட்டை வெட்டிச் சுட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மண் இளைத்துவிடும்.

தோட்டக்காரர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரங்களுக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சுத்தமாகச் செதுக்கி வைத்தார்கள். சரிவுகளில் மேல்மண் மழையோடு இறங்கிப்போனது. பிறகுதான் மலைச்சரிவில் ஒரே உயரத்தில் படிப்படியாக வரப்பு வெட்டி நடுவதும், மரங்களுக்கு நடுவே அவரை இனக் கொடிகளைப் படரவிடுவதும் வழக்கமாயின. அந்தக் கொடி மண்ணை மூடி மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமும் தருகிறது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோட்டுக்குச் சமவுயரக் கோடு என்று பெயர். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் நிலம் தட்டை. தோட்டத்து வரப்புகள், மண்மேல் வெட்டிய சமவுயரக் கோடுகள். செம்பனை புதிதாக நட்ட குன்று ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தால் வரைபடமே விரிந்து கிடக்கும்.

இனி ஆறு. சுங்கை சிப்புட் பக்கத்து நீரையெல்லாம் வாங்கிக்கொள்வது பிளஸ் ஆறு. அது பேராக் ஆற்றில் சேர்கிறது. பேராக் ஆறு, பகாங் ஆற்றுக்கு அடுத்து தீபகற்பத்தின் இரண்டாவது நீளமான ஆறு, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பிளஸ், பேராக்கின் துணையாறு. தெற்கே கிந்தா ஆறும் அப்படியே. இவை நீர் திரட்டும் நிலப்பரப்பு முழுவதும் சேர்ந்து பேராக் ஆற்றின் வடிநிலம். இரண்டு வடிநிலங்களைப் பிரிக்கும் மலைமுகடு நீர்ப்பிரிமேடு. தித்திவங்சாவின் முகட்டில் இந்தப் பக்கம் விழும் துளி மலாக்கா நீரிணைக்கும், அந்தப் பக்கம் விழும் துளி தென்சீனக் கடலுக்கும் போகிறது.

எல்லாச் சொற்களிலும் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வடிநிலம். மேலே ஒருவர் செய்வது கீழே இன்னொருவர் வீட்டுக்குள் வரும் என்பதை இந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. சிலாங்கூரின் கோலகுபு இதற்குக் கண்கூடான சாட்சி. மேலே வெள்ளீயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மணல் ஆற்றுப் படுகையை மேடாக்கியது. ஆறு கரைக்குள் அடங்காமல் ஊருக்குள் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே விட்டுவிட்டு, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டில் கோலகுபு பாருவைக் கட்டவேண்டியதாயிற்று. மழை அதே மழைதான். படுகையை உயர்த்தியது சுரங்கம்.

மரமும் மனிதரும்

இரப்பர் ஏன் மலாயாவில் வேரூன்றியது என்று கேட்டால், ‘காலநிலை பொருந்தியது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வெப்பமும் ஆண்டெல்லாம் மழையும் நீர் வடியும் மண்ணும் தேவைதான். ஆனால் பால்மரத்தின் தாயகமான அமேசானிலும் அதே வெப்பம், அதே மழை. ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் போட்டுப் பார்த்தார், 1945இல் கைவிட்டார்கள். நெருக்கமாக நட்ட மரங்களை அங்கே உள்ள ஒரு பூஞ்சை, இலைகருகல் நோயாகத் தாக்கி அழித்தது. ஆசியாவுக்கு மரம் வந்தது, அந்த நோய் வரவில்லை.

மரம் வந்ததும் தானாக அல்ல. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கை வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் ஆசியாவில் பரவின. 1877இல் சிங்கப்பூர் வந்தவற்றில் ஒன்பது கன்றுகள் கோலாகங்சாரில் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி (ரெசிடெண்ட்) ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலாகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் வேலி போட்டுக் காக்கப்படுகிறது.

புவியியலில் ஒரு பழைய வழக்கு உண்டு. மனித வாழ்க்கையைச் சூழலே தீர்மானிக்கிறது என்றது சூழல் நியதிவாதம். சூழல் சில வாய்ப்புகளைத் தருகிறது, அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மனிதரைப் பொறுத்தது என்றது சாத்தியவாதம். பிரான்சின் விதால் த லா பிளாஷ் வழியில் வந்தவர்கள் இந்தப் பக்கம். தோட்டத்து வரலாற்றைப் படித்தவர் சாத்தியவாதத்தின் பக்கம்தான் நிற்க முடியும். இந்த மண்ணில் காடும் இருந்திருக்கலாம், நெல்லும் இருந்திருக்கலாம், சிறு விவசாயிகளின் கலப்புப் பயிரும் இருந்திருக்கலாம். பல்லாயிரம் ஏக்கரில் ஒரே பயிரை ஏற்றுமதிக்காக, கூலிக்கு ஆள் வைத்துப் பயிரிடும் பெருந்தோட்ட வேளாண்மை வந்தது, லண்டன் மூலதனமும் காலனி அரசின் நிலச் சட்டமும் சேர்ந்து எடுத்த முடிவால். அதற்கு முன்பு நிலம் ஆளில்லாமல் கிடந்தது என்று எழுதுவதும் தவறு. பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில், லாசா என்ற சிற்றூருக்கு அப்பால் உள்ள காடுகளில் தெமியார் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறார்கள்.

ஆள் எங்கிருந்து வந்தது? இங்கே குடிப்பெயர்வு என்ற சொல் வருகிறது. எர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன் 1885இல் குடிப்பெயர்வின் விதிகளை எழுதினார். பிறந்த ஊரைவிட்டுத் தள்ளுபவை உந்து காரணிகள், போகும் ஊருக்கு இழுப்பவை ஈர்ப்புக் காரணிகள் என்று பிற்காலத்தில் அதை விரித்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம், நிலமின்மை, கடன், சாதிக் கொடுமை ஆகியவை உந்தின. நாட்கூலி ரொக்கமாகக் கிடைக்கும் என்ற சொல் ஈர்த்தது. எவரெட் லீ 1966இல் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார்: இடைத்தடைகள். நம்மவருக்கு அவை ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள், கப்பல் தளத்தில் கழிந்த நாட்கள், பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல்.

ஆனால் உந்துதலும் ஈர்ப்பும் மட்டும் போதா. யார் அழைத்துவந்தார்கள், என்ன நிபந்தனையில் என்று கேட்காவிட்டால் தோட்டத் தமிழரின் வருகை ஏதோ காற்றில் பறந்துவந்த விதை போலாகிவிடும். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது: கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் உறவும் ஊராரும் சேர்ந்த கூட்டத்தை அழைத்துவருவார். ஒருவரைத் தொட்டு இன்னொருவர் என்று ஒரே ஊரிலிருந்து ஒரே இடத்துக்குப் போவதைத் தொடர் குடிப்பெயர்வு என்பார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்கள் சில, அப்படியே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வந்து இறங்கின. கூடவே சாதிப் பிரிவும் குலதெய்வமும் இறங்கின. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுப் போகும் கூலிக் குடிப்பெயர்வைத் தடைசெய்தது. இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவில் ஓடிய ஆறு அது; திறந்ததும் அடைத்ததும் அரசுகள்.

லயமும் பட்டணமும்

குடியிருப்பின் வடிவத்தையும் புவியியல் வகைப்படுத்துகிறது. வீடுகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் செறிந்த குடியிருப்பு, தள்ளித்தள்ளி இருந்தால் சிதறிய குடியிருப்பு, சாலையையோ ஆற்றையோ ஒட்டி நீண்டால் நீள்வரிசைக் குடியிருப்பு. ஆற்றோரத்து மலாய்க் கம்பம் நீள்வரிசை. தோட்டத்து லயம் செறிந்தது, ஆனால் தானாகச் செறிந்தது அல்ல. விடியலில் ஒரே குரலில் பெரட்டுக்கு வரவும், கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் தண்டலும் கண்காணிக்கவும் வசதியாக, துரை பங்களா மேட்டிலும் லயம் கீழேயும் என்று திட்டமிட்டுக் கட்டியது. அந்த நில அமைப்பிலேயே யார் மேல், யார் கீழ் என்பது எழுதியிருந்தது. மனிதர் கை பட்டு உருவாகும் நிலத்தோற்றத்தைப் பண்பாட்டு நிலத்தோற்றம் என்று 1925இல் விளக்கினார் கார்ல் சாவர். நம் தோட்டங்களில் அதைக் கட்டியது முதலாளி மட்டுமல்ல. எல்லையில் மரத்தடி முனியாண்டி, நடுவில் மாரியம்மன், ஓரத்தில் கள்ளுக்கடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, பலகைச் சுவர்ப் பள்ளிக்கூடம் என்று அங்கே வாழ்ந்தவர்களும் தங்கள் வரைபடத்தை அதன்மேல் வரைந்தார்கள்.

இந்தத் தோட்டங்களுக்கெல்லாம் சுங்கை சிப்புட் பட்டணம் மைய இடம். வால்டர் கிறிஸ்டாலர் தென் ஜெர்மனியை ஆராய்ந்து 1933இல் சொன்ன கோட்பாடு இது: சுற்றியுள்ள பகுதிக்குச் சேவை தருவதால் ஓர் ஊர் நிலைக்கிறது. அந்தச் சுற்றுப்புறம் அதன் பின்னிலம். ஒரு கடை நட்டமின்றி நடக்கக் குறைந்தது எத்தனை வாடிக்கையாளர் வேண்டுமோ அது நுழைவளவு. வாடிக்கையாளர் அதற்காக எத்தனை தூரம் வரத் தயாரோ அது எட்டுதூரம். மளிகைக்கடைக்கு நுழைவளவு சிறியது, நகைக்கடைக்குப் பெரியது. எல்ஃபில், ஹீவுட், டவன்பி முதலிய தோட்டங்களில் சம்பளம் போட்டால் பட்டணத்துக் கடைத்தெரு நிரம்பியது என்றால் காரணம் இதுதான்.

1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கெரில்லாக்களுக்கு ஆதரவு கிடைக்காமல் தடுக்க 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் காட்டோரத்தில் சிதறியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் பல இடங்களில் ஒன்றாக்கி வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. சிதறிய குடியிருப்பு சில ஆண்டுகளில் செறிந்த குடியிருப்பானது. பேராக்கின் வரைபடத்தில் இன்று காணும் ‘பாரு’ (மலாயில் ‘புதிய’) கிராமங்கள் பலவும் அந்த முடிவின் தடம். நிலத்தின் சரிவோ ஆற்றின் போக்கோ அதற்குக் காரணமில்லை.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் ஐரோப்பியத் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டுதுண்டாகின. தொழிலாளர் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள், ஏனென்றால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. சுங்கை சிப்புட்டின் மகனான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கவைத்தார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். ‘நில உடைமை’ என்பது மானிடப் புவியியலின் வறண்ட சொற்களில் ஒன்றாகத் தோன்றலாம். அந்தச் சந்தாச் சீட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு அது வறண்ட சொல்லாக இருந்திருக்காது.

செம்பனை, நகரம், வெள்ளம்

செம்பனை இந்நாட்டில் வணிகப் பயிராகத் தொடங்கியது 1917இல், கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். 1960களுக்குப் பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடுவது வேகமெடுத்தது. இப்படி நிலம் ஒரு வேலையிலிருந்து வேறு வேலைக்குத் திரும்புவது நிலப்பயன்பாட்டு மாற்றம். செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே ஆலை இருப்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். குலையின் எடையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். மீதியைத் துறைமுகம் வரை சுமப்பது வீண் செலவு. எடை இழக்கும் மூலப்பொருளுக்கு ஆலை அதன் அருகே அமையும் என்று ஆல்ஃபிரட் வேபர் 1909இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

நாள்தோறும் மரம் மரமாக உளி போட வேண்டிய இரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். அந்த ஆளும் பிறகு இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தார்கள். லயங்கள் காலியாயின. நாட்டில் நகரங்களில் வாழ்வோர் 2020 கணக்கெடுப்பில் சுமார் 75 விழுக்காடு. நகரமயமாதல் என்று ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வேறு பயணங்கள் மறைந்துவிடுகின்றன: படித்து வேலை தேடிப் போனவர் ஒருவர், வீட்டைக் காலிசெய்யச் சொன்னதால் போனவர் இன்னொருவர். பயணம் முடிந்த இடமும் வேறு. முதலாமவர் வாடகை வீட்டுக்குப் போனார். இரண்டாமவர் பலரும் புறம்போக்குக் குடிசைக்கும், அதன்பின் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போனார்கள்.

பள்ளிக்கூடத்திலும் அந்த நுழைவளவு வந்து நிற்கிறது. 150 மாணவருக்குக் குறைந்தால் அரசின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இந்தப் பட்டியலில் உள்ளவை ஏராளம். பின்னிலம் பெயர்ந்துவிட்டது, மைய இடம் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. சில பள்ளிகள் தோட்டப் பெயரைச் சுமந்தபடியே பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறின. இடமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள், எட்டுதூரம் எவ்வளவு என்பதை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

கடைசியாக, இடர், பேரிடர் என்ற இரண்டு சொற்கள். ஆற்றோரத் தாழ்நிலத்தில் நீர் பரவுவது இடர். அந்த நிலத்துக்கே வெள்ளச்சமவெளி என்று பெயர், ஆறு எப்போதாவது விரிந்து படுக்கும் இடம் அது. அங்கே மனிதர் வீடு கட்டி, பாதுகாப்பில்லாமல் மாட்டிக்கொள்ளும்போது அது பேரிடர். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீமூடா மூழ்கியது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய அந்தத் தாழ்நிலத்தில் தமிழ்க் குடும்பங்களும் பல. அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. மழைக்கு இனம் தெரியாது, வருமானம் தெரியாது. ஆனால் தாழ்நிலத்து வீடு யாருக்கு எட்டும் விலையில் இருக்கிறது என்பதை மழை தீர்மானிப்பதில்லை. ஒரே இடரில் ஒருவர் அதிகமாகவும் ஒருவர் குறைவாகவும் அடிபடுவதைப் பாதிப்புநிலை என்கிறார்கள்.

இன்று சிறு பட்டணங்களைச் சுற்றிய தோட்ட நிலங்களும் வீடமைப்புத் திட்டங்களாகின்றன. மரமும் கொடியும் இருந்தபோது மழைநீரின் ஒரு பங்கு மண்ணுக்குள் ஊறியது. கூரையும் தாரும் வந்ததும் அது வழிந்தோடும் நீராகிக் கால்வாய்க்கு விரைகிறது. பழைய தோட்டக் கால்வாயோ அந்த அளவுக்கு வெட்டப்பட்டதல்ல. வீடு வாங்கப் போகிறவர் 1:50,000 அளவுள்ள நிலவரைபடம் ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். ஆறு எவ்வளவு அருகில், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெரியும். ஆனால் சமவுயரக் கோடுகள் சிறு பள்ளங்களைக் காட்டா. அதற்கு, அந்தத் தோட்டத்தில் நிரை பிடித்து வேலை செய்த ஒருவரிடம், பெருமழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். எந்த நிரையில் கால் புதைந்தது, எந்தக் கால்வாய் முதலில் நிரம்பியது என்பதை அவர் சொல்லிவிடுவார்.